கராஜ் டீசல் ஹீற்றர்: சுவாலை வெளியே, சூடு உள்ளே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

குளிர் தொடங்கும் முன்பே இதை எழுதுகிறேன். ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் கராஜையே பட்டறையாக்கி மரவேலை செய்பவர்கள், வாகனம் திருத்துபவர்கள், தையல் இயந்திரம் வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களில் பலர் இப்போது இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சீனத் தயாரிப்பான டீசல் ஹீற்றரை வாங்குகிறார்கள். கருவி மோசமானதல்ல. ஆனால் கூட வரும் துண்டுத்தாள் லொறிக்காக எழுதப்பட்டது. வீட்டோடு ஒட்டிய கராஜில், மேலே பிள்ளைகள் படுக்கும் அறை இருக்கையில், அந்தத் தாளை மட்டும் நம்பிப் பூட்டுவது உயிரோடு விளையாடும் காரியம். ஆகவே இடம் தந்து இக்கடிதத்தை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். டீசல் ஹீற்றர் என்று இரண்டு வேறு சாமான்களைச் சொல்கிறோம். ஒன்று, பீரங்கிக் குழல் போல நீண்டு, முன்வாயில் நெருப்புத் தெரிய, பின்னால் விசிறி ஊதுவது. கட்டட வேலைத் தளங்களில் காண்பது இதுதான். இது எரித்த புகை முழுவதையும் நீங்கள் நிற்கும் இடத்துக்குள்ளேயே தள்ளுகிறது. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீரும் ஆவியாக வெளிவரும். அந்த ஈரம் போய்ப் படிவது குளிர்ந்த இரும்பில்தான். உளியும் வாளும் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். துரு சின்ன விடயம். அதோடு வரும் கார்பன் மொனொக்சைட் பெரிய விடயம். கராஜ் கதவை ஓரடி தூக்கி வைத்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை. மூடிய கராஜுக்குள் அந்தக் குழல் வேண்டவே வேண்டாம்.

மற்றது, நிறுத்தி வைத்த லொறியின் கபினைச் சூடாக்கவென்று ஜெர்மனியின் வெபாஸ்டோ, எபர்ஷ்பேஹர் போன்ற நிறுவனங்கள் வளர்த்தெடுத்த வகை. மலிவுப் பெட்டிகள் அதே அமைப்பைப் பின்பற்றியவை. உள்ளே ஒரு அலுமினிய உடல். அதற்குள் மூடிய எரியறை. ஒரே மோட்டாரில் இரண்டு விசிறிகள். பின்விசிறி எரிவதற்கான காற்றை அறைக்குள் ஊட்டும். முன்விசிறி அலுமினியச் செதில்களின் மேலாகக் கராஜ் காற்றைத் தள்ளிச் சூடாக்கும். இரண்டு காற்றும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. புகை தனிக் குழாயால் வெளியே போகிறது. இந்தக் கடிதம் இந்த இரண்டாவது வகை பற்றியது.

பெட்டியில் 8 கிலோவாற் என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். கணக்கு எளிது. எரிபொருள் பம்ப் ஒவ்வொரு துடிப்புக்கும் குறித்த அளவு டீசலைத் தள்ளும். பரவலாக வரும் பம்பில் 22 என்று பொறித்திருக்கும். ஆயிரம் துடிப்புக்கு 22 மில்லிலீற்றர் என்பது அதன் பொருள். உச்சத்தில் செக்கனுக்கு 5 துடிப்பு என்றால் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது 396 மில்லிலீற்றர். ஒரு லீற்றர் டீசலில் அடங்கிய வெப்பம் சுமார் 10 கிலோவாற்-மணி. ஆக உள்ளே போவது 4 கிலோவாற். புகையோடு போவதைக் கழித்தால் கராஜுக்குக் கிடைப்பது 3 கிலோவாற்றும் கொஞ்சமும்தான். எரிபொருள் போகாத இடத்தில் வெப்பம் எங்கிருந்து வரும்?

அது போதுமா என்பதைத் தீர்மானிப்பது ஹீற்றரல்ல, கராஜின் கதவு. 3 மீற்றர் அகலமும் 6 மீற்றர் நீளமும் கொண்ட ஒற்றைக் கராஜை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே மைனஸ் 20, உள்ளே 15 பாகை வேண்டும். தனித் தகட்டுக் கதவு 5 சதுர மீற்றர் என்றால் அதன் வழியாக மட்டும் 1,100 வாற்றுக்கு மேல் ஓடிப்போகும். அதே கதவின் பலகங்களுக்குள் இரண்டு அங்குலப் பொலிஸ்ரைரீன் தட்டுகளை வெட்டிப் பொருத்தினால் அந்த இழப்பு 150 வாற்றுக்குள் வந்துவிடும். கதவின் அடியிலும் பக்கங்களிலும் உள்ள ரப்பர் விளிம்புகளை மாற்றுங்கள். கராஜின் காற்று முழுவதும் மணிக்கொரு தடவை வெளியே போனாலே இன்னொரு 500 வாற் கணக்காகிவிடும். தட்டு ஒட்டிய பின் கதவு பாரமாகும் என்பதால் அதன் சுருள்வில்லைத் தொழில் தெரிந்தவரைக் கொண்டு சரிசெய்விக்க வேண்டும். அந்த வில்லில் நாமாகக் கைவைப்பது ஆபத்து. ஹீற்றருக்குச் செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கராஜில் ஏற்கெனவே 240 வோல்ற் இணைப்பு இருந்தால், அல்லது கொண்டுவர முடிந்தால், மின் ஹீற்றர்தான் நல்லது. டீசல் ஒரு லீற்றர் கராஜுக்குத் தருவது 7.5 முதல் 8 கிலோவாற்-மணி. உங்கள் மின்கட்டணப் பட்டியலில் எல்லாச் செலவும் சேர்த்து ஒரு யூனிற்றுக்கு, அதாவது ஒரு கிலோவாற்-மணிக்கு, என்ன விழுகிறது என்று பாருங்கள். 15 சதம் என்றால் அதே வெப்பத்துக்கு மின்சாரம் 1 டொலர் 13 சதம் முதல் 1 டொலர் 20 சதம். டீசல் லீற்றருக்கு அதைவிட அதிகம் கொடுக்கிறீர்கள் என்றால் மிச்சம் எங்கே? 5 கிலோவாற் மின் ஹீற்றர் 21 அம்பியர் எடுக்கும். 30 அம்பியர் தனிச் சுற்றுத் தேவை. ஒன்ராறியோவில் அந்த வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்து, மின் பாதுகாப்பு ஆணையத்தில் பதிய வேண்டும். டீசல் ஹீற்றருக்குப் பொருத்தமான இடம், மின்சாரம் வராத தனிக் கொட்டில், வீட்டிலிருந்து விலகிய பட்டறை, வேலைக்குக் கொண்டுபோகும் வான்.

அப்படியும் கராஜில் பூட்டுவதென்றால், என் திடமான கருத்து: ஹீற்றரைச் சுவருக்கு வெளியே வையுங்கள். மழையும் பனியும் படாத உலோகப் பெட்டிக்குள் ஹீற்றரும் டீசல் தாங்கியும் பம்பும் இருக்கட்டும். சுவரில் இரண்டு துவாரங்கள். ஒன்றால் கராஜ் காற்று ஹீற்றருக்குப் போகும், மற்றதால் சூடாகித் திரும்பும். புகைக்குழாயும் அதன் இணைப்புகளும், டீசல் கசியக்கூடிய ஒவ்வொரு மூட்டும் வெளியே நின்றுவிடுகின்றன. பலர் கராஜ் காற்றை ஹீற்றருக்குக் கொண்டுபோகும் குழாயை விட்டுவிட்டு வெளிக்காற்றையே சூடாக்கி உள்ளே ஊதுகிறார்கள். அது இரண்டு விதத்தில் பிழை. மைனஸ் 20 பாகைக் காற்றைச் சூடாக்குவதிலேயே பெரும்பங்கு வெப்பம் செலவாகும். அதைவிட முக்கியம், கராஜுக்குள் அழுத்தம் கூடி, அங்குள்ள பெற்றோல் வாடையும் வாகனப் புகையும் வீட்டுக் கதவின் இடுக்கால் வீட்டுக்குள் தள்ளப்படும். கராஜ் காற்றே சுற்றி வந்தால் அழுத்தம் மாறாது.

சூட்டுக் காற்றுக் குழாய் 5 கிலோவாற் வகைக்கு 75 மில்லிமீற்றர். அதைக் கையில் கிடைத்த சின்னக் குழாயோடு ஒடுக்கக் கூடாது. நீளத்தையும் வளைவுகளையும் குறைக்க வேண்டும். காற்று தடைப்பட்டால் உடல் கொதித்து, திரையில் ஈ-05 என்ற பிழைக்குறியைக் காட்டி நின்றுவிடும். வீட்டுக்கும் கராஜுக்கும் இடையிலான சுவரில் எந்தக் காரணத்துக்காகவும் துளையிட வேண்டாம். அந்தச் சுவர் புகை புகாதபடி அடைக்கப்பட்டது. கராஜ் சூட்டில் கொஞ்சத்தை வீட்டுக்கும் விடலாமே என்ற எண்ணம் மிக ஆபத்தானது.

உள்ளே வைத்தே ஆக வேண்டும் என்றால் தரையிலிருந்து குறைந்தது 18 அங்குல உயரத்தில் வையுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு தவழும். கராஜில் எரிகருவிகளை உயரத்தில் வைக்கச் சொல்வதன் காரணம் அதுதான். எரிவதற்கான காற்றையும் கட்டாயம் வெளியிலிருந்தே எடுக்க வேண்டும். துண்டுத்தாள்கள் பலவற்றில் இந்த 25 மில்லிமீற்றர் குழாயை அப்படியே தொங்கவிட்ட படம் இருக்கும். கராஜுக்குள் தொங்கவிட்டால் தின்னர், பெற்றோல் ஆவிகள் நேராக நெருப்புக்குப் போகும். எப்படிப் பூட்டியிருந்தாலும், வர்ணம் பூசும்போதோ எரிபொருள் தாங்கியைக் கழற்றும்போதோ ஹீற்றர் ஓடக்கூடாது.

புகைக்குழாய்க்குத்தான் அதிக கவனம் தேவை. கூடவே வரும் 24 மில்லிமீற்றர் வளையும் குழாய் தகட்டுச் சுருளாகச் சுற்றியது. மடிப்புகள் முழுமையாக அடைபடாதவை. சைலன்சரும் அப்படியே, அதில் தண்ணீர் வடியவென்று ஒரு சின்னத் துளையும் இருக்கும். இவற்றில் எந்தப் பகுதியும் கராஜுக்குள் இருக்கக் கூடாது. ஹீற்றர் உள்ளே இருந்தால் அதன் வாயிலிருந்து சுவர் வரை நேரான, மூட்டில்லாத துருவேறா உருக்குக் குழாயே வேண்டும். மரச்சுவரைத் தாண்டும் இடத்தில் இரட்டைச் சுவர் கொண்ட உலோக உறை பொருத்தி, குழாய்க்கும் மரத்துக்கும் இடையே 5 சென்ரிமீற்றராவது விட வேண்டும். சூடேறிய குழாய் மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது நாளடைவில் கருகி, பிறகு முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே தீப்பற்றும். பிளாஸ்ரிக் பட்டியாலோ டேப்பாலோ குழாயைக் கட்டாதீர்கள். உலோகக் கிளாம்ப் மட்டும்.

குழாய் வெளியே போகப் போகச் சரிய வேண்டும். புகையில் உள்ள நீராவி குளிர்ந்து தண்ணீராகும். குழாய் நடுவில் தொய்ந்தால் அங்கே தங்கி உறையும், வழி அடைபடும். தொய்வைத் தவிர்க்க முடியாவிட்டால் வெளிப்புறத்தில் மிகத் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீற்றர்த் துளை போடலாம். மொத்த நீளம் 2 மீற்றரைத் தாண்டாமல் இருக்கட்டும். முனை சன்னல், கதவு, வீட்டுக்குள் காற்று எடுக்கும் துவாரம் ஆகியவற்றிலிருந்து ஒரு மீற்றருக்குக் குறையாமல், முடிந்தால் இரண்டு மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். வரிசை வீடுகளில் அயலவரின் சன்னலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். காற்றெடுக்கும் குழாயின் வாய் புகை முனையிலிருந்து அரை மீற்றராவது விலகி, வேறு திசை பார்த்து இருக்கட்டும். தன் புகையைத் தானே குடித்தால் ஹீற்றர் கரி பிடிக்கும். பனி குவிந்தாலும் மூடாத உயரத்தில், தரையிலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேலே முனையை நிறுத்துங்கள். ஹீற்றரை ஒரு மீற்றர் உயரத்தில் பூட்டினால் சரிவும் கிடைக்கும், பனிக்கும் தப்பும்.

எரிபொருள் பக்கத்தில் பிழை வருவது பெரும்பாலும் குழாயில். பெட்டியோடு வரும் மென்மையான பச்சைக் குழாயை எறிந்துவிடுங்கள். பம்பின் ஒவ்வொரு துடிப்புக்கும் அது ஊதி விரிகிறது; எரியறைக்குப் போகும் அளவு சீரற்றுப்போகிறது. உள்விட்டம் 2 மில்லிமீற்றர் கொண்ட கடின நைலோன் குழாய் வாங்குங்கள். இணைக்கும் ரப்பர் துண்டுக்குள் இரண்டு குழாய்களின் முனைகளும் ஒன்றோடொன்று முட்ட வேண்டும்; இடைவெளி விட்டால் அங்கே காற்றுக்குமிழி சேரும். பம்ப் தாங்கிக்கு அருகில் இருக்க வேண்டும், ஏனெனில் அது தள்ளுவதில் வல்லது, உறிஞ்சுவதில் அல்ல. வெளியேறும் முனை மேல்நோக்கி, செங்குத்தாகவோ குறைந்தது 15 பாகை சாய்வாகவோ நின்றால்தான் குமிழிகள் தேங்காமல் மேலேறிப் போகும். படுக்கவைத்த பம்ப் அடிக்கடி நெருப்பை அணைய விடும். தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் வடிகட்டி. தாங்கியின் டீசல் மட்டம் ஹீற்றரைவிடத் தாழ்வாக இருப்பது பாதுகாப்பு. மேலே இருந்தால், பம்பின் வால்வு தேய்ந்த நாளில் டீசல் தானாக வடிந்து எரியறையை நிரப்பிவிடும்.

முதல் தடவை குழாயை நிரப்பும்போது ஹீற்றருக்கு ஒரு சாண் முன்பே நிறுத்துங்கள். நிரம்பி வழியவிட்டு மூட்டினால் வெள்ளைப் புகை கக்கி, பிறகு ஒரேயடியாகப் பற்றும். தொடக்கத்தில் ஓரிரு நிமிடம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. அது நிற்காவிட்டால் டீசல் எரியாமல் போகிறது என்று பொருள். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், அல்லது காற்றுக் குறைவு.

ஓகஸ்ற்றில் வாங்கி வைத்த டீசலை ஜனவரியில் ஊற்ற வேண்டாம். அதிலுள்ள மெழுகு குளிரில் திரண்டு வடிகட்டியை அடைக்கும். இங்கே குளிர்காலத்தில் விற்பது அதற்கேற்றபடி கலந்தது. அந்தந்தப் பருவத்தில் வாங்குங்கள். டீசலுக்கு மஞ்சள் கலன். சிவப்பு பெற்றோலுக்குரியது, கலனை மாற்றிப் பயன்படுத்தினால் ஒருநாள் பெற்றோல் ஹீற்றருக்குள் போகும். இந்தக் கருவியில் பெற்றோலைக் கலக்கவே கூடாது. கனடாவின் தேசியத் தீ விதித்தொகுப்பு ஒரு கராஜில் எரியக்கூடிய திரவங்கள் எல்லாம் சேர்த்து 50 லீற்றருக்கு மேல் வைக்க விடுவதில்லை. அதில் பெற்றோல் போன்றவை 30 லீற்றருக்குள் அடங்க வேண்டும்.

மின்சாரம் 12 வோல்ற். மூட்டும்போது, டீசலைப் பற்றவைக்கும் சூட்டுக் கம்பியான குளோ பிளக் 8 முதல் 10 அம்பியர் இழுக்கும். எரியத் தொடங்கியபின் 1 முதல் 3 அம்பியர் போதும். வீட்டு மின்சாரத்தை 12 வோல்ற்றாக்கி 10 அம்பியர் தரும் மலிவு மாற்றியைப் பூட்டியவர்களுக்கு மூட்டும் வேளையில் வோல்ற்றேஜ் விழுந்து ஈ-01 வருவது இதனால்தான். வயரும் காரணமாகலாம். மெல்லிய 18 கேஜ் வயரை 3 மீற்றர் இழுத்தால், போக வர 6 மீற்றரில், 10 அம்பியருக்கு 1.3 வோல்ற் வயரிலேயே தொலையும். தடித்த 10 கேஜ் வயரில் 0.2 வோல்ற்தான். சரியான வழி ஒரு பற்றரியும் அதை நிரப்பிக்கொண்டிருக்கும் சார்ஜரும். பற்றரியின் நேர் முனைக்கு அருகிலேயே 15 அம்பியர் பியூஸ். பற்றரி வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நிறுத்தும் பொத்தானை அழுத்திய பின் விசிறி மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓடி உடலைக் குளிர்விக்கும். இடையில் மின்சாரம் போனாலோ, பிளக்கைப் பிடுங்கினாலோ, தேங்கிய சூடு பிளாஸ்ரிக் விசிறியையும் மின்பலகையையும் உருக்கும். எரிந்துபோன மின்பலகைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தப் பழக்கம்தான் இருக்கும்.

அதிக சக்தியுள்ளதை வாங்கிக் குறைந்த அளவிலேயே ஓட்டுவது அடுத்த பிழை. குறைந்த சூட்டில் டீசல் முழுதாக எரியாமல் எரியறைச் சுவரிலும் குளோ பிளக்கைச் சுற்றிய சல்லடையிலும் கரியாகப் படியும். ஈ-10, மூட்ட முடியவில்லை என்ற அறிவிப்பு, பிறகு தொடர்கதையாகும். (குறியீட்டு எண்கள் சில கட்டுப்பாட்டுப் பலகைகளில் மாறும்; உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள்.) நன்கு அடைத்த ஒற்றைக் கராஜுக்கு 2 கிலோவாற் வகையே பொருந்தும். எதுவானாலும் நிறுத்துவதற்கு முன் அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். ஆண்டுக்கொரு தடவை கழற்றி, கரியைச் சுரண்டி, சல்லடையையும், மூட்டுகளைக் கசியாமல் அடைக்கும் காஸ்கெற்றுகளையும் புதிதாக மாற்றுங்கள். ஒரு தடவை இறுக்கி நசுங்கிய காஸ்கெற்றைத் திரும்பப் போட்டால் புகை சூட்டுக் காற்றோடு கலக்க வழியுண்டு. விலை சில டொலர்தான்.

இனி அலாரம். கார்பன் மொனொக்சைட் காற்றோடு ஏறக்குறைய ஒரே எடையுள்ளது. தரையில் தங்கும் என்பது பிழை, எங்கும் பரவும். நிறமோ மணமோ இல்லை. 2008 இல் வூட்ஸ்ரொக் நகரில் எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரு குடும்பத்தின் நால்வரும் இறந்த பின்னர்தான், அவர்கள் பெயரால் ஹோக்கின்ஸ்-ஜீனியாக் சட்டம் 2013 இல் ஒன்ராறியோவில் வந்தது. எரிகருவியோ, ஒட்டிய கராஜோ உள்ள வீட்டில் படுக்கையறைகளுக்கு அருகே அலாரம் கட்டாயம். ஆனால் சாதாரண அலாரத்தின் இரண்டு குறைபாடுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். மில்லியனுக்கு 70 பங்கு என்ற அளவில் அது ஒலிக்க ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் வரை எடுக்கலாம். 400 பங்கில் 4 முதல் 15 நிமிடம். ஆகவே குறைந்த அளவையும் எண்ணாகக் காட்டும் திரை உள்ளதை வாங்குங்கள். ஹீற்றர் ஓடும்போது அந்த எண் பூச்சியத்திலேயே நிற்க வேண்டும். 10, 15 என்று ஏறினால் நிறுத்திவிட்டுக் கசிவைத் தேடுங்கள். இரண்டாவது, பெரும்பாலான வீட்டு அலாரங்கள் 4 பாகைக்கு மேல்தான் நம்பகமாக வேலை செய்யும். உறைந்த கராஜில் காலையில் ஹீற்றரை மூட்டும் அந்த முதல் மணி நேரத்தில், மிகவும் தேவையான வேளையில், அது கைவிடக்கூடும். மைனஸ் வெப்பநிலைக்கென்று குறிப்பிட்டு விற்பதைக் கராஜுக்கும், சாதாரணமானதை வீட்டுக் கதவின் உட்புறத்துக்கும், கராஜுக்கு மேலுள்ள படுக்கையறை வாசலுக்கும் பூட்டுங்கள். தலையிடி, குமட்டல், தலைச்சுற்று வந்தால் முதலில் எல்லோரும் வெளியே போய், பிறகு 911 ஐ அழையுங்கள்.

கடைசியாகச் சட்டப் பக்கம். வீட்டுக் கட்டடத்தில் எண்ணெய் எரிக்கும் கருவிக்குக் கனடாவில் அங்கீகரித்த முத்திரை வேண்டும். பொருத்துவதற்கு பி139 என்ற விதிக்கோவை உண்டு. ஒன்ராறியோவில் இதைக் கண்காணிப்பது டி.எஸ்.எஸ்.ஏ. என்ற தொழில்நுட்பத் தர, பாதுகாப்பு ஆணையம். வாகனத்துக்கென்று செய்த மலிவுப் பெட்டிகளில் அந்த முத்திரையைக் காண்பது அரிது. தீ விபத்துக்குப் பின் காப்புறுதி நிறுவனம் முதலில் தேடுவதும் அதையே. வாங்கும் முன் உங்கள் முகவரிடம் கருவியின் வகையையும் வைக்கப்போகும் இடத்தையும் மின்னஞ்சலில் எழுதி, பதிலையும் மின்னஞ்சலிலேயே பெற்றுக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொல்லும் "பிரச்சினையில்லை" என்ற சொல் பின்னர் உதவாது. அவர்கள் மறுத்தால் கராஜுக்கு மின் ஹீற்றரும், கதவுக்கு அந்த இரண்டு அங்குலத் தட்டும் போதும்.

இப்படிக்கு,
வெப்பக் கருவி திருத்துநர் ஒருவர்,
ஸ்காபரோ.